பேர் வெட்டின வாட்ச்

“என் கட்டை வேகற வரைக்கும் எவன்கிட்டயும் மணி இன்னான்னு கேக்கமாட்டேன். மத்தவன்தான் என்னைக் கேக்கணும்” என்று பெருநகர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வேதகிரி பிரகடனம் செய்தது 1974இல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

பிரகடனத்துக்கு ஆதாரமாக அவர் கையில் ஒரு சுவிஸ் வாட்ச் இருந்தது. செய்யாற்றில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் கப்பலேறும்போது வேதகிரியின் அப்பாவுக்குக் கழற்றிக் கொடுத்தது. முகத்துக்குள் இரண்டு குட்டி வட்டங்கள். ஓரத்தில் அமுக்குவதற்கு இரண்டு பொத்தான்கள். அவை எதற்கென்று ஊரில் யாருக்கும் தெரியாது. தனக்கும் தெரியாது என்பது வேதகிரிக்கு மட்டும் தெரியும். உடம்பு முழுக்க எவர்சில்வர் என்பதில்தான் அவருக்கு மனக்குறை. “அந்தத் தொரை தங்கத்துல வாங்கியிருக்கக் கூடாதா” என்று மனைவி ஆதிலட்சுமியிடம் அங்கலாய்ப்பார்.

1983இல் மழை பெருநகரை மறந்தது. நெல் பால் பிடிக்கும் சமயத்தில் கிணறு வறண்டது. போர் போட்டால் பயிர் பிழைக்கும். போர் போடக் கையில் வாட்ச்சைத் தவிர ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஏகாம்பரம் என்பவர் கோயிலுக்கு வந்தார். தோல் ஏற்றுமதி அவர் தொழில். பழைய வாட்ச் சேர்ப்பது அவர் பைத்தியம். பிராகாரத்தில் வேதகிரியின் கையைக் கண்டதும் வேண்டுதலைப் பாதியில் விட்டார்.

“இதே வாட்ச் தங்கத்துல நிறைய கிடைக்குங்க. ஸ்டீல்ல கொஞ்சம்தான் செஞ்சான். அதுவும் யாரும் கை வைக்காத வாட்ச். டயல் டீக்கறை மாதிரிப் பழுத்திருக்கு பாருங்க, அதுக்குத்தான் நாங்க உசுர விடறோம்.”

“கறைய தொடைச்சிக் குடுத்துடறேன் சார்.”

“தொடாதீங்க.”

தங்கத்தைவிட எவர்சில்வர் உசத்தி என்று சொல்லும் மனிதரை வேதகிரி அன்றுதான் பார்த்தார். பழசாகவும் கறையாகவும் இருப்பதுதான் மதிப்பு என்றால், தன்னை ஏன் இத்தனை நாள் எவனும் விலை கேட்கவில்லை என்றும் யோசித்தார்.

பின்பக்கத்து எண்ணைப் பூதக்கண்ணாடியால் படித்த ஏகாம்பரம், அடுத்த வாரம் வந்து வாட்ச்சை மெட்ராஸுக்கு எடுத்துப்போய், திறந்து பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொன்னார். போருக்குத் தாராளமாகக் காணுமாம்.

ஆதிலட்சுமி விஷயத்தின் ஆழத்தைக் கண்டுபிடித்தாள். “எட்த்துக்கினு போயி வேற ஒண்ண மாத்திக் குடுத்தா இன்னா பண்ணுவே? பேர் வெட்டாம கல்யாண வூட்டுக்குக் குடுத்த சொம்பு இன்னி வரைக்கும் வரல.”

அது சட்டம். எவர்சில்வர் எதுவானாலும் பேர் வெட்டாமல் வாசல் தாண்டாது. மறுநாளே வேதகிரி உத்திரமேரூர் பாத்திரக்கடையில் நின்றார்.

கடைக்காரர் கன்னியப்பன் பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தார். “எடம் பத்தாது போலக் கீதே. நடுவுல இன்னாவோ நம்பர் போட்டுக்கீறான்.”

“அது கெடக்குது. மேலயே வெட்டு. ‘பெ. வேதகிரி, பெருநகர்’.”

வெட்டினார். வாட்ச் என்ற மரியாதைக்காகக் கூலி இல்லாமல் ஒரு பூவும் போட்டார்.

ஏகாம்பரம் சொன்னபடியே வந்தார். வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இங்க ஒரு நம்பர் இருந்ததே.”

“பேருக்கு அடியில கீது சார். எங்கியும் பூடல.”

“இந்தப் பூ?”

“அது அவரா போட்டாருங்க. சும்மாதான்.”

“நம்பர் இல்லைன்னா இது எந்த வாட்ச்சுன்னு யாருக்குங்க நிரூபிக்கறது?”

“இன்னாத்துக்கு சார் நிரூபிக்கணும்? அதான் எம் பேரே கீதே.” ஏகாம்பரத்தின் முகம் போன போக்கைப் பார்த்து வேதகிரி குரலைத் தாழ்த்தினார். “தேச்சி எட்த்துடலாமா?”

“தேச்சா இன்னும் கெட்டுடுங்க.”

வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் போய்விட்டார். ஆதிலட்சுமி போட்ட காபியில் ஆடை படிந்தது.

பிறகு போர் லாரிக்காரர் வந்தார். பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அந்தப் பூவை ரசித்த ஒரே மனிதர் அவர்தான். வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, அதற்குத் தகுந்த ஆழம் தோண்டச் சம்மதித்தார். வாட்ச்சின் மதிப்பு தீர்ந்த இடத்தில் கல்மாவு பறந்தது.

“இன்னும் கொஞ்சம் போனா தண்ணி வரும்” என்றார்.

போவதற்கு இன்னொரு வாட்ச் இல்லை. பயிர் மாட்டுக்குப் போனது. மாடு சந்தைக்குப் போனது. வேதகிரி வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்குப் போனார்.

அங்கே களத்தில் அவித்த நெல்லைப் புரட்டுவது வேலை. பங்குனி வெயிலில் சிமெண்டுத் தரை காலைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் பலகை தள்ளிய பெருமாளிடம், முகத்தைத் திருப்பாமல், நெல்லைப் பார்த்தபடியே வேதகிரி மெல்லக் கேட்டார்:

“மணி இன்னாபா ஆவுது?”