கீறல் விழுந்த யப்பான் பாட்டு

எங்கள் தீவின் மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாணம் ஓடிய வானின் பாட்டுப்பெட்டிக்குள் ஒரு சின்ன இசைத்தட்டு சிக்கியிருந்தது. யப்பானில் யாரோ ஓட்டி விற்ற வான் அது. தட்டும் அதோடு கப்பலேறி வந்ததுதான். எத்தனையோ பேர் நோண்டிப் பார்த்தும் அது வெளியே வரவில்லை. அதில் இருந்தது ஒரே ஒரு பாட்டு.

அந்தப் பாட்டில் எனக்குப் பெரும் பைத்தியம். கைதட்டலோடு தொடங்கும். ஒரு பெண்பிள்ளை கடகடவென்று பாடிக்கொண்டே போவாள். பல்லவியில் குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் 'நே, நே' என்று கொஞ்சி நிற்கும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் மீன் வெட்டும்போதும் துணி தோய்க்கும்போதும் என் வாயில் அந்த 'நே, நே'தான். இரண்டாம் பல்லவியில் தட்டில் கீறல் இருந்தது. அந்த இடத்தில் பாட்டு விக்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அதன் முடிவை எங்களில் எவரும் கேட்டதில்லை.

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு மாரி மத்தியானம் அவளுக்குக் கடும் மூச்சிழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. வான்கார அண்ணை சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

வேலணைக்குப் போகும் தாம்போதி கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒற்றைச் சாலை. அன்று அலை அதன்மேல் ஏறி மறுபக்கம் விழுந்துகொண்டிருந்தது. சாலை எது, கடல் எது என்று தெரியவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

"கெதியாப் போங்கோ அண்ணை."

"கெதியாப் போக ஏலாது தங்கச்சி, தண்ணி ஏறிடும். பயப்பிடாதேங்கோ. உள்ளுக்குத் தண்ணி போனால் முதல்லை பாட்டுத்தான் நிக்கும், பிறகுதான் எஞ்சின். பாட்டுப் பாடுது தானே."

அதன்பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் குரலையே பிடித்துக்கொண்டிருந்தேன். நடுத் தாம்போதியில் இரண்டாம் பல்லவி வந்தது. பாட்டு விக்கியது, நின்றது. வழமையான கீறல்தான் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை. அண்ணை பின்னால் திரும்பவே இல்லை. அவருடைய கழுத்து விறைத்திருந்தது. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது, மகளின் இழுப்புச் சத்தமும் கேட்கவில்லை. அவளைப் பிடித்து உலுக்கினேன். எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று இன்றும் நினைவில்லை.

கைதட்டல் கேட்டது. அதே கணம் என் கைக்குள் அவள் நெஞ்சு மேலெழும்பியது.

அண்ணை இப்போது உயிரோடு இல்லை. அவருடைய வான் பனைகளுக்கிடையில் துருப்பிடித்து நிற்கிறது. மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். நான் முணுமுணுத்ததைத் தன் போனுக்குக் கேட்கக் கொடுத்து, அந்தப் பாட்டையே கண்டுபிடித்துவிட்டாள். போன கிழமை பஸ்ஸில் அவளுடைய இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். நான் விரும்பிய அதே குரல், அதே துள்ளல். பஸ் தாம்போதியில் ஏறியது. இரண்டாம் பல்லவி வந்தது. பாட்டு விக்காமல் அந்த இடத்தைத் தாண்டியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனித்தான் முடிவு வரப்போகுதம்மா. நல்ல வடிவு, கேளுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. திரும்ப முதல்லையிருந்து போடு. முடிவை அங்காலைக் கரைக்குப் போய்க் கேப்பம்."

சிரித்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள். கைதட்டல் தொடங்கியது. கரை வரும்வரை ஒரு காதில் பாட்டைக் கேட்டேன், மற்றக் காதில் அவள் மூச்சைக் கேட்டேன்.