கூத்தாடிப் புழுவும் என் சித்தியும்

என் சித்தி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதில் அவள் சண்டை போட்டது ஓரகத்தியோடும் இல்லை, புருஷனோடும் இல்லை. கொசுவோடுதான்.

அவள் கமுதிப் பக்கத்துக்காரி. மிளகாயும் பருத்தியும் விளைகிற காய்ந்த கரிசலில் வளர்ந்தவள். வந்து சேர்ந்ததோ தொண்டிக்குப் பக்கத்தில், கடலோரம் மணலில் கிடக்கிற எங்கள் ஊருக்கு. வந்த சில நாளிலேயே அவளுடைய கைகள் இரண்டும் அம்மை போட்டதுபோலத் தடித்துவிட்டன. சொறிந்துகொண்டே சமைப்பாள், சொறிந்துகொண்டே வாசல் தெளிப்பாள்.

"எங்க ஊர்ல மொளகா நெடிக்குக் கொசு எட்டிப் பாக்காதுக்கா. இங்கன பட்டப்பகல்ல வந்து கடிக்குது. அதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா?" என்று என் அம்மாவிடம் கேட்பாள்.

காரங்காட்டில் கடல் தண்ணீரிலேயே முளைத்து நிற்கிற சுரபுன்னைக் காட்டிலிருந்து காற்றில் வருகிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பாள் அம்மா. ஊரே அப்படித்தான் நம்பியது. நம்பியதில் நியாயமும் இருந்தது. மழை எங்களுக்கு எப்போதாவது வந்து, உட்காராமலே போய்விடுகிற விருந்தாளி. ஊரில் குட்டை கிடையாது, சாக்கடை கிடையாது, சிந்திய தண்ணீரை மணல் அப்போதே குடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கொசு எப்படிப் பிறக்கும்? கொசு வெளியூர்க்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

சித்தப்பாவுக்குத் தொண்டியில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும்போது ட்யூபிடம் ஏதாவது முணுமுணுப்பாரே தவிர, மனிதர்களிடம் பேசுவது அபூர்வம். சோறு போட்டால் "போதும்" என்பார், கடைக்குக் கிளம்பும்போது "வாரேன்" என்பார். அவருடைய ஒரு நாள் பேச்சு அவ்வளவுதான். ஒருநாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கொழுந்தனாரு எங்கிட்ட ஒரு வார்த்த கூடப் பேசிட்டா கடலு வத்திப் போயிருமாக்கா?"

அம்மா சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. முழங்கையில் உட்கார்ந்த ஒரு கொசுவைப் பட்டென்று அடித்துவிட்டு, "இந்தக் கொசுவோட என்னால குடும்பம் நடத்த ஏலாது" என்றாள். எனக்கு இந்த இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் மனதில் நின்றது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போவது வழக்கமாயிற்றே, சித்தியின் அண்ணன் வந்தார். விருந்து சாப்பிட்டார். கிளம்புகிற நேரத்தில், ஆடி முடிந்ததும் தன் தம்பி வந்து கூட்டி வருவான் என்று என் அய்யா சொன்னதற்கு, அவர் தங்கையின் கைகளைப் பார்த்தார்.

"பாப்பம் மச்சான். இந்தக் கோலத்துல பாத்தா எங்க ஆத்தா திரும்ப அனுப்புறது சந்தேகந்தான்."

சித்தப்பா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். சித்தி கடைசியாக ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஹேண்டில் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனபிறகு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றுமே கெடாத பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது ஓய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சித்தி வேண்டும். என்னைவிட நன்றாகப் பாண்டி ஆடுகிற பெரியமனுஷி ஊரில் வேறு யாரும் இல்லை. ஆகவே கொசுவை ஒழிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் சர்க்கார் எனக்கு உதவ வந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் பம்பும் வாளியுமாக வந்து, சாமான்களையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லி, சுவரெல்லாம் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். மருந்து காய்ந்து சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. சில மாதங்களுக்குச் சுவரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ஆடி வெள்ளி. ஆடி வெள்ளிக்கு வீடு மெழுகாமல் இருக்க முடியுமா? அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அம்மா சாணியும் செம்மண்ணும் கரைத்து, மருந்தின் மேல் ஒரு விரல்கூட இடம் விடாமல் மெழுகி, கோலமும் போட்டுவிட்டாள். தெரு முழுக்க அதே கதை. சுவரில் உட்கார்ந்து சாக வேண்டிய கொசுக்கள் சாணி மெழுகலில் சௌக்கியமாக இளைப்பாறின.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் நெளிந்து நெளிந்து ஆடுகிற கூத்தாடிப் புழுக்கள். இதுதான் கொசுக் குஞ்சு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் கூத்தாடிக்கு மிகுந்த மரியாதை. எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீரை ஊருக்கு வெளியே தூரத்தில் இருக்கிற ஊருணியிலிருந்துதான் சுமக்க வேண்டும். சுமந்ததை அண்டா, தவலை, பானை என்று கிடைத்ததிலெல்லாம் நிரப்பி வைப்போம், அடியில் கொஞ்சம் இருக்கும்போதே மேலே மேலே ஊற்றுவோம், ஒரு நாளும் காயவிடமாட்டோம். அதில் கூத்தாடி நெளிந்தால் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் அது தங்குமா? முந்தானையில் வடிகட்டி, நிம்மதியாகக் குடிப்போம்.

நான் வீட்டுக்கு வந்து டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாமா என்ற யோசனை இருந்தது. பேசிப் பயனில்லை என்று கண்டு ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, அண்டாத் தண்ணீரை மொண்டு, கூத்தாடிகளோடு ஊற்றி, அய்யாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியால் வாயை இறுக்கிக் கட்டி, எல்லாரும் பார்க்கும்படி அடுப்படி மாடத்தில் வைத்தேன். சில நாளில் புழுக்கள் குறைந்தன. துணிக்குக் கீழே கொசுக்கள் பறந்தன.

அய்யா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். சுரபுன்னைக் காட்டுக் கொசு இதற்குள் எந்த வழியாகப் புகுந்திருக்கும் என்று அவர் மனசார யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"அப்ப இத்தன நாளா நாமதான் வளத்துருக்கோம்" என்றார் கடைசியில்.

பிறகென்ன, வீடு என் கைக்குள் வந்தது. தண்ணீரைக் கீழே கொட்ட அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தச் சொல்லையே வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்றாள். சரி, கொட்ட வேண்டாம் என்று ஒரு ராஜி செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு பாத்திரமாகத் தண்ணீரைக் கெட்டித் துணியில் வடித்து இன்னொன்றுக்கு மாற்றுவது, துணியில் தங்கியதைச் சுடுமணலில் உதறுவது, காலியான பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பது, நிரப்பியதும் வாயைத் துணியால் கட்டுவது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், தேய்க்கிற வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் நானே தவலைக்குள் தலையை விட்டுத் தேய்த்தேன். சித்தப்பா ஊருணியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்துவந்து மாட்டுத் தொட்டியில் விட்டார். மாடு முதல் தடவை குனிந்தபோது மூக்கில் ஏதோ இடித்ததும் துள்ளி விலகி, எங்களை ஒரு முறை முறைத்தது.

கொசு குறைந்தது. அடுப்படியில் இல்லை, முற்றத்தில் இல்லை. ஆனால் சித்தியும் சித்தப்பாவும் இருந்த மேற்கு அறையில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. எந்த அறைக்காக இவ்வளவு பாடுபட்டேனோ அந்த அறை! ஆடியோ முடியப்போகிறது.

ஒரு விடுமுறை நாளில் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்புறம், ஜன்னலுக்கு நேர் கீழே, விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தென்னங்கிடுகு சாத்தியிருந்தது. விலக்கினேன். கழுத்துவரை மண்ணில் புதைத்த சால் ஒன்று, வாய் அகன்ற பெரிய மண்பானை. விளிம்பு வரை தண்ணீர். விரலை விட்டு நாக்கில் வைத்தேன், ஊருணித் தண்ணீர். அதில் கூத்தாடிகள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து ஆடிக்கொண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் சித்தப்பா ஓடிவந்தார். ஏன் இங்கே தண்ணீர் என்றேன். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சிக்கு விழுந்துவிடும் என்றார், சால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. யார் முடி என்றேன். விடியக்காலையில் அவர் சைக்கிளில் தண்ணீர் டின் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், அது அடுப்படிக்கு என்றே நினைத்திருந்தேன். குடிக்கிற தண்ணீரைக் குளிக்க எடுப்பது எங்கள் ஊரில் யாருமே செய்யாத ஊதாரித்தனம். காதும் கழுத்தும் சிவக்க, வாளியை எடுத்து மொண்டு தென்னங்கன்றுக்கு ஊற்றத் தொடங்கினார். "அம்மாட்ட சொல்லாத புள்ள" என்றார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆடி கழிந்து நல்ல நாள் பார்த்து, சித்தப்பா கமுதிக்குக் கிளம்பினார். வாய் திறக்காதவர் தனியாகப் போய் என்ன செய்வார் என்று அய்யா என்னையும் அனுப்பினார். நான் என் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே சித்தியின் அம்மா காப்பி கொடுத்தாள், முறுக்குக் கொடுத்தாள், பெண்ணை மட்டும் கொடுக்கிற பேச்சையே எடுக்கவில்லை. தடிப்பு இப்போதுதான் ஆறியிருக்கிறது, தை வரைக்கும் இருந்துவிட்டு வரட்டுமே என்றாள். தை! சித்தப்பா காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். சித்தி கதவுக்குப் பின்னால் நிற்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது.

நான் எழுந்து நின்று பாட்டிலை நீட்டினேன். கொசு காரங்காட்டிலிருந்து வருவதில்லை என்று தொடங்கி, முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று டீச்சரின் குரலிலேயே முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். "அத்தன கொசுவையும் வளத்தது எங்க சித்தப்பாதான்" என்று முடித்தேன்.

"மாப்பிளையா? கொசுவையா?" என்றாள் அந்த அம்மா.

சித்தப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். எனக்கா நிறுத்தத் தெரியும்? ஜன்னலுக்குக் கீழே இருந்த சால் விஷயத்தையும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பிறகு சித்தியின் குரல் வந்தது.

"நான் குளிச்சது கெணத்துத் தண்ணி இல்லையா?"

"நம்ம கெணறு உவரு சித்தி. அது ஊருணித் தண்ணி. விடியக்கால சைக்கிள்ல டின்னுல கட்டிக் கொண்டாந்து சால்ல ஊத்தி, குளிக்க வாளியில மொண்டு வைப்பாரு."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

கதவு லேசாக அசைந்தது. "நான் இங்க வந்த பெறகுமா?" என்றாள்.

"ஆமா. அதனாலதான் கூத்தாடி அம்புட்டு. எடுத்துக் குளிக்க ஆளில்லாமத் தண்ணி தேங்கிப் போச்சுல்ல" என்று விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன்.

கதவு திறந்தது. சித்தி யாரையும் பார்க்காமல், "ஆத்தா, வத்தலும் பருப்பும் கட்டணும்னியே, கட்டு. மத்தியானப் பஸ்ஸுக்குப் போறோம்" என்றாள். கொசு என்னடி ஆச்சு என்று அவள் அம்மா கேட்டதற்கு, "அது கெடக்கட்டும்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கெடக்கட்டுமா? ஒரு ஆடி முழுக்க நான் தவலைக்குள் தலையை விட்டது இதற்குத்தானா? ஆனாலும் என் பாடத்தைக் கேட்டு மனம் மாறியிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கு நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். விஞ்ஞானத்தின் வலிமை எனக்கு அன்றுதான் முதன்முதலாகப் புரிந்தது என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் நான் வழக்கம்போல அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். சித்தி என் தோளைத் தொட்டு எழுப்பி, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். ராமநாதபுரம் வரைக்கும் காற்று முகத்தில் அடித்தது. கொசுவை ஒழித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது என்று நினைத்துக்கொண்டேன்.