மூடியில் எழுதிய பெயர்

ஸபியா போமலின் ஊற்ற மறக்கவில்லை. எங்களிடம் பயின்ற தாதியரே, உங்களில் பலர் இருபது வருடங்களுக்கும் மேலாக அவர் ஒரு முறை மறந்ததாகச் சொல்லி வருகிறீர்கள். போன கிழமை அவருடைய சாவீட்டு முற்றத்திலும் அதையே சொன்னீர்கள். பழைய மாணவியருக்கான இந்த இதழில் அவரைப் பற்றி வேறு எதையும் எழுதுமுன் அதைத் திருத்தவேண்டியவள் நான்.

அன்று காலையில் அவருடைய மகள் நஸீரா தொலைபேசியில் அழைத்தாள். "ஆன்ட்டி, உம்மா மௌத்தாப் போயிட்டா. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் ஓட்டோ பிடித்துப் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். பெண்கள் பாயில் இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்தில் இருந்த எங்கள் பழைய மாணவி ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஸபியா மிஸ்ஸிட கை பொன்னெல்லோ. அந்த ஒரு போமலின் பிழை மட்டும் இல்லாட்டி ஒரு குறை சொல்ல ஏலாது" என்றாள். பிறகு என்னைக் கண்டு, "சொறி மிஸிஸ், உங்கட அவற்ற விசயம்" என்று, என் கணவரை நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பரவாயில்லை என்று தலையை அசைத்தேன்.

அந்தத் தலையசைப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்கு அருகே இருந்த சிறிய தனியார் மருத்துவமனையில் நான் மேற்பார்வைத் தாதி; தாதியர் பயிற்சி வகுப்பையும் நடத்தினேன். அந்த மருத்துவமனை இன்று இல்லை. ஸபியா ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். உடலிலிருந்து எடுத்த இழையத்தை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமூட்டிக் கண்ணாடியில் ஒட்டுவார். இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒரு நோயியல் மருத்துவர் வந்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். அவர் வரும்வரை அந்த இழையத்தைப் போமலின் திரவத்தில் இட்டுக் கெடாமல் வைத்திருப்பது ஸபியாவின் கையில் இருந்தது.

உடலின் உயிரணுக்களான கலங்களில் நோய் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை என் வகுப்பில் அவர்தான் எடுப்பார். நான் பின்வரிசையில் இருந்து பிழை பிடிப்பேன். "கலம் உடனே சாகாது புள்ளைகள். முதல்ல சமாளிச்சுப் பார்க்கும்" என்று தொடங்குவார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் தசை பருக்கும். மாவுக்கட்டுப் போட்ட கால் மெலியும். சுருட்டுப் புகைக்கிறவரின் மூச்சுக்குழாயில் உள்ள கலங்கள் தங்கள் இனத்தையே மாற்றிக்கொள்ளும். "மெல்லிய சீலையைக் கழட்டிப் போட்டுட்டு சாக்கைக் கட்டுற மாதிரி. சாக்கு சூட்டைத் தாங்கும். ஆனா சீலை செய்த வேலையைச் செய்யாது. சளியை வெளிய தள்ளாது."

"அப்ப கலத்துக்கு வெட்கமில்லையா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உசிர் போகப் போகுது, இதுக்குள்ள என்ன வெட்கம்?" என்றார். வகுப்பே சிரித்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் மேசையைத் தட்டினேன்.

இன்னொரு நாள் கரும்பலகையில் ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கலம் நீரேறி வீங்கியிருந்தாலும் காரணத்தை நீக்கினால் பழையபடி ஆகிவிடும். அந்தப் பக்கம் போனால் திரும்பாது. "கோட்டைத் தாண்டுற நேரம் நுணுக்குக்காட்டியில பார்த்தா ஒண்டும் விளங்காது. கலம் செத்து சில மணித்தியாலம் போன பிறகுதான் செத்த மாதிரித் தெரியும்."

எனக்கு அது திருப்தியாக இல்லை. "அப்படியென்றால் தாண்டிய நேரத்தை எப்படி அறிவது?" என்று கேட்டேன்.

"அறிய ஏலாது மிஸிஸ் அருளப்பு. அதுதான் பயம்."

என் கணவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது அந்த வருடம்தான். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுப்பதாகச் சொன்னார். காசநோயாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்பதால் இரண்டு போத்தல்கள் கேட்டார். பெரிய துண்டு நுணுக்குக்காட்டிக்கு. அதைப் போமலினில் இடவேண்டும். சிறிய துண்டு கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு. அதை உப்புநீரான சேலைனில் இடவேண்டும். இரண்டும் தண்ணீரைப் போலத்தான் இருக்கும். ஸபியா இரண்டையும் நிரப்பி, போத்தலின் உடம்பில் பென்சிலால் எழுதிய தாளை ஒட்டி என்னிடம் தந்தார்.

அந்த எழுத்து கோணலாக இருந்தது. என் கணவரின் பெயர் கோணலாகப் போவதை நான் விரும்பவில்லை. கன்னியாஸ்திரிகள் பிரம்பால் திருத்திய கையெழுத்து என்னுடையது. "உன்ர எழுத்தைக் கண்டா வருத்தமே எழும்பி நிண்டு மரியாதை செய்யும்" என்று கணவர் கேலி செய்வார். நான் தாள்களை உரித்தேன். புதியவை ஈரத்தில் ஒட்டவில்லை. மூடிகளைக் கழற்றி மேசையில் வைத்து, அவற்றின் மேல் மையால் அழகாக எழுதினேன். மை காய்ந்ததும் மூடினேன். அறை முழுதும் போமலின் நெடி. எந்தப் போத்தலிலிருந்து வருகிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஸபியா போமலின் என்று எழுதிய போத்தலைத் திறந்தபோது அதில் நெடியே இல்லை. மூன்று நாள் திருகோணமலை வெக்கையில் துண்டு தன்னைத் தானே கரைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் அதை வெட்டிச் சாயமூட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். வரிசையாகக் கலங்கள், எல்லாவற்றுக்கும் எல்லை இருந்தது, ஒன்றிலும் கரு இல்லை. கூரையும் ஆட்களும் போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளைப் போல. எங்கள் கரையோரத்தில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது இந்த வீடுகள்தான்.

அன்று மருத்துவமனை நடைபாதையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்: "போமலின் ஊற்ற மறந்தவருக்கு ஆய்வுகூடத்தில் என்ன வேலை?" ஸபியா திரும்பி ஆய்வுகூடத்துக்குள் போனார். மற்றப் போத்தலை அவர் முகர்ந்து பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கழுத்தில் மீண்டும் வெட்ட இரண்டு கிழமை சென்றது. அன்றும் நான் மூடியைக் கையில் எடுத்தேன். ஸபியா தன் போத்தலை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"மூடியில வேணாம் மிஸிஸ். மூடி மாறிப் போகும். போத்தல்ல எழுதுங்க."

அவ்வளவுதான். அவர் குரலில் குத்தல் இல்லை. முதல் முறை மூடிகளை மாற்றி மூடியவள் நானே என்று அப்போதுதான் விளங்கியது. நான் போத்தலில் எழுதினேன். வாயைத் திறக்கவில்லை.

கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு வருடத்துக்குள் என் கணவர் காலமானார். அந்த இரண்டு கிழமையால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவர் அன்பான மனிதர். எப்போது கோடு தாண்டப்பட்டது என்று அவருக்கும் தெரியாது. சாவீட்டுக்கு ஸபியா வந்து ஓரமாக இருந்தார். அவரைக் காட்டி யாரோ கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அன்றும் நான் பேசவில்லை. மருத்துவமனை மூடப்படும்வரை அந்தக் கதை அவரோடு திரிந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். கையில் இறக்கக்கண்டி மீன் பை. "ஸபியா, அந்த மூடிகள்..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும்தானே" என்றார். "அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க."

"இப்போது?"

"இப்ப சாக்கைக் கட்டிப் பழகிட்டீங்க மிஸிஸ்." சிரித்தார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

அதை மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டு மேலும் சில வருடங்கள் பேசாதிருந்தேன். அது மன்னிப்பு அல்ல. சூட்டைத் தாங்கப் பழகி, உண்மை சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டதை அவர் பார்த்தபடி சொன்னார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். என் குசினியில் மிளகாய்த்தூள், புளி, உப்பு எல்லாவற்றின் பெயரும் போத்தலின் உடம்பில், பென்சிலால் எழுதியிருக்கிறது. மூடிகள் வெறுமையாக இருக்கின்றன.

ஸபியா மறந்தார் என்று யாரிடமாவது சொன்னவர்கள், அதைக் கேட்டவர்களிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை நஸீராவிடம் என் கையால் கொடுப்பேன். தொலைபேசியில் சொல்லவேண்டாம். எனக்கு அது எழுத்தில் வேண்டும்.