அண்ணி பொறுக்கிய பச்சை

என் அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "இருட்டுல உட்காந்து பச்சையா எதாவது தெரியுதான்னு பாக்கிற வேலை" என்று அண்ணன் முந்திக்கொண்டு சொல்வான். அந்தக் கிண்டலிலேயே அவளுக்குப் 'பச்சை' என்று பேர் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் அங்கேயும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. இருந்தாலும் நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், நீங்க வாங்க என்றுதான் பேசுவேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த ஒரு மரியாதையையாவது காப்பாற்றி வைப்போமே என்றுதான்.

ஒரு மருந்துக்கான மூலப்பொருளைப் பாக்டீரியாவை வைத்தே செய்யப் பார்க்கிற இடம் அது. பாக்டீரியாவுக்குள் இருக்கிற ஒரு நொதி சர்க்கரையைப் படிப்படியாக அந்தப் பொருளாக மாற்றித் தரும். ஆனால் அந்த நொதி சரியான சோம்பேறி. அதனால் அதன் மரபணுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றம் செய்து, ஆயிரக்கணக்கில் வகைகளை உண்டாக்கி, செல்லுக்கு ஒன்றாக உள்ளே விடுவார்கள். அதில் எது சுறுசுறுப்பு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கருவியில் போட்டு அளக்க உட்கார்ந்தால் ஆயுசு போதாது. அதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அதே செல்லுக்குள் ஓர் உணரியையும் மரபணுவாகவே எழுதி வைத்துவிடுவது. பொருள் சேரச் சேர உணரி அதை இனம் கண்டு, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைச் செல்லைக் கொண்டே செய்ய வைக்கும். பொருள் கூடினால் பச்சை கூடும். நீல விளக்கைப் போட்டு, ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வட்டத் தட்டில் ஒவ்வொரு செல்லும் பெருகி முளைத்திருக்கும் புள்ளிகளில் பளிச்சென்று இருப்பதைப் பல்குச்சியால் தொட்டு எடுப்பது அண்ணியின் வேலை. இதை அவள் எனக்கு விளக்கிச் சொன்னபோது, இவ்வளவு படித்துவிட்டுக் கடைசியில் பல்குச்சியா என்று கேட்டேன். அவளும் சிரித்தாள்.

அவள் பொறுக்கிக் கொடுப்பதைப் பெரிய டேங்கில் வளர்ப்பது அண்ணனின் வேலை. சர்க்கரை, காற்று, சூடு மூன்றையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். டேங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்குச் சாப்பாடு ஆறிப்போவது தெரியாது. இன்றைக்கு நுரை எப்படிப் பொங்கியது, வால்வு எப்படிச் சிணுங்கியது என்று அண்ணியிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொட்டாவி வரும். அவளுக்கு வராது. அவர்கள் குடும்பம் நடத்திய அழகே அதுதான்.

நீண்ட நாளாக மங்கலான புள்ளிகளையே பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணிக்கு ஒருநாள் அடித்தது யோகம். தட்டு முழுக்க மங்கலாக இருக்க, ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி கண்ணைப் பறித்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்று அதைச் சொன்னாள். அவளுடைய மேலாளருக்கும் தலைகால் புரியவில்லை. மேலிடத்தில் போய், காரியம் முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வந்தார். பொருளை நேராக அளக்கும் கருவிக்கு வரிசை நீளமாக இருந்தது. ஆனால் டேங்க் காலியாக இருந்தது. இவ்வளவு ஒளிர்கிறதே, இனி அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவரே முடிவு கட்டி, நேராக டேங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

அண்ணன் அதை டேங்கில் ஓட்டினான். டேங்கிலிருந்து எடுத்துப் பார்த்த சாம்பிள் பச்சைப்பசேல் என்று ஒளிர்ந்தது. கடைசியில் கருவியில் அளந்தபோது பொருள் பழைய அளவுதான் இருந்தது, ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. இன்னொரு முறை ஓட்டினான். அப்போதும் அதே கதைதான்.

மேலாளரின் கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. செல் ஒளிர்கிறது, அப்படியென்றால் பொருள் உண்டாகியிருக்கிறது. உண்டான பொருள் கடைசியில் இல்லை என்றால் டேங்கில் கெட்டிருக்கிறது. அந்தப் பொருளுக்குச் சூடு ஆகாது. ஆகவே டேங்க்காரன் சூட்டை ஏற விட்டிருக்கிறான். ஏறவே இல்லை என்று அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தான். சூடு காட்டும் முள்ளே கோளாறாக இருந்தால் அதைக் கவனிக்க வேண்டியதும் உன் வேலைதானே என்று அவன் வாயை அடைத்தார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சரக்கைக் கெடுத்தவன் என்று பேர் எடுத்து வெளியே போனால் இந்தத் தொழிலில் வேறு எவனும் அவனை ஒரு டேங்க் பக்கம் அண்ட விடமாட்டான். வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

அன்று சாப்பிடும்போது அண்ணி அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சூட்டை நீங்க சரியாத்தான் பாத்தீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டேங்க் பேச்சே இல்லை. உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் அவன் அவளிடம் எதுவும் பேசவில்லை. பகலெல்லாம் ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் என் அண்ணனை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எரிச்சலை நான் மனதுக்குள் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை. துணி காயப்போட அண்ணி மாடிக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். ஊரான் சந்தேகப்படலாம், கட்டினவள் சந்தேகப்படலாமா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். உங்கள் செல் மட்டும் சத்தியவான் வீட்டுப் பிள்ளையா, அது தப்பே செய்யாதா என்றும் கேட்டேன். அது விவரம் தெரிந்து கேட்டதல்ல, வெறும் ஆத்திரம். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒளிர்கிற செல்லை அப்படியே நம்பக் கூடாது. அதிலிருந்து நொதியின் மரபணுவை மட்டும் உருவி எடுத்து, பழுதில்லாத உணரி இருக்கும் புதுச் செல்லுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒளிர்ந்தால் நொதி நல்ல நொதி. ஒளிராவிட்டால் முதல் செல்லின் உணரியே கெட்டுப்போய், பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மற்ற எல்லாப் புள்ளிக்கும் இதை ஒழுங்காகச் செய்தவள் இதற்கு மட்டும் செய்யவில்லை. மேலாளர் அவசரப்படுத்தினார் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் அவளே சொன்னாள்.

"செஞ்சு பாத்தா அணைஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு."

மறுநாளே அந்தச் சோதனையைத் தொடங்கினாள். புதுச் செல்கள் முளைத்து வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒளிர்ந்தால் புருஷன் கெட்டான், ஒளிராவிட்டால் அவள் கெட்டாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. அண்ணன் பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் நீல விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தட்டு முழுவதும் மங்கலாகவே இருந்தது, ஒரு புள்ளிகூடப் பளிச்சிடவில்லை. அந்தப் பச்சை ஒரு பொருளையும் கூடுதலாகச் செய்ததில்லை, செய்த மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். நானும் மனிதர்களில் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"இங்க பாருங்கம்மா, இதை இப்ப வெளிய சொன்னா நம்ம பிரிவையே மூடிருவாங்க. உங்க வீட்டுக்காரரை வேற கட்டடத்துக்கு மாத்தி விட்டுடறேன். சம்பளம் குறையாது. நீங்க இதை விட்டுருங்க."

மாற்றலோடு முடியும், ஆனால் சூட்டைப் பார்க்கத் தெரியாதவன் என்ற பேர் அவனை விட்டுப் போகாது. அண்ணி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு பகல் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தாள். விசாரணைக் கூட்டத்தில் அண்ணனை உட்காரவைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தபோது எழுந்து நின்றாள். டேங்கில் தப்பில்லை, செல்லில்தான் தப்பு, சோதிக்காமல் கொடுத்தது நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, மங்கலான தட்டை மேசைமேல் வைத்தாள். மேலாளர் தன் பங்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. முழுப் பழியும் அவள் தலையில் விடிந்தது. இருட்டறையிலிருந்து அவளை எடுத்துவிட்டு, தட்டு கழுவி அடுக்கும் பிரிவில் போட்டார்கள். அண்ணனை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அவர்கள் வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு கல்யாண வீடு மாதிரி பரபரத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தான். தட்டு காலியான பிறகு அவள் பக்கம் திரும்பினான். கோபமே இல்லாத குரல், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"சூடு ஏறலன்னு நான் சொன்னப்ப நீ நம்பல. புதுச் செல்லுல போட்டுப் பாத்த அப்புறம்தான் நம்பினியா?"

அண்ணி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நம்பியதால்தான் சோதித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் உருகியிருப்பான். சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க."

அவன் தலையை ஆட்டினான். தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, மறுநாளைக்குச் சட்டை தேட ஆரம்பித்தான். இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருப்பதாக அண்ணி சொன்னாள். அவன் அதைத் தொடாமல் அலமாரியிலிருந்து வேறொரு சட்டையை எடுத்து, தானே இஸ்திரி போட உட்கார்ந்தான்.