இரவல் காற்று

"அண்ணாச்சி உள்ள போனவரு இன்னும் மேல வரலைய்யா." கூட வேலை செய்யும் முருகேசன் போனில் இவ்வளவுதான் சொன்னான். புளியங்குடியில் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மூழ்கியவர்களின் உடலை எடுப்பதே வேலையாகிப்போன எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இலையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திய சிதம்பரம் அண்ணாச்சியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். குளிக்க வந்து குளத்திலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிப்போகிறவர்களை வீட்டாரிடம் எடுத்துக் கொடுக்க, எங்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தவர் அவர்தான்.

தண்ணீருக்குள் மூச்சுவிட முதல் காற்று சிலிண்டர் வாங்க என்னையும் அழைத்துக்கொண்டு செங்கோட்டை தாண்டிக் கேரளக் கடற்கரைக் கடை ஒன்றுக்குப் போனார். வாடகைக்கும் கொடுப்பார்கள், விலைக்கும் கொடுப்பார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. அண்ணாச்சி எதையும் தொடாமல் கடையின் பின்பக்கம் போனார். காற்றடைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. "இந்தப் பொகையும் சேந்துதாம்லே சிலிண்டருக்குள்ள போவும். வா, காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்றார். எனக்கு ஒரே எரிச்சல். கடைசியில் தூத்துக்குடியில் வாங்கினோம். அங்கேயும் கடைக்காரர் எதிரிலேயே குழாயை வாயில் வைத்து, பாயசத்தைச் சுவைத்துப் பார்ப்பவர் போலக் கண்ணை மூடிக் காற்றை இழுத்துப் பார்த்தார். "சட்டைய எரவல் வாங்கலாம். காத்த வாங்கப்பிடாது" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் போனார். எங்கள் சிலிண்டர்கள் சோதனைக்காகத் தூத்துக்குடிக்குப் போயிருந்த நாள் அது. குவாரிக் குட்டையில் ஒரு கல்லூரிப் பையன் மூழ்கிவிட்டான். உறவுக்காரர்கள் காரில் போய் அதே கேரளக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார்கள். "எங்கன எடுத்தது?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். சொன்னதும் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டாராம்.

"நாளைக்கு நம்ம சிலிண்டர் வந்துரும் அண்ணாச்சி" என்றிருக்கிறான் முருகேசன்.

கரையில் பையனின் அம்மா, "எம் புள்ளைய எடுக்காம எங்க வீட்டுல அடுப்பு எரியாதுய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா மொகத்தப் பாத்து நாளைக்குன்னு நீ சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி இறங்கிவிட்டார். அன்றைக்குக் காற்றைச் சுவைத்துப் பார்க்கவில்லை.

பையனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி விட்டிருந்தார். முதலில் அவன் வந்தான். நான் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணாச்சியை இழுத்தோம். காற்றில் புகை கலந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். அண்ணாச்சி மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அழுகையும்தான்.

போன வாரம் சிவகிரிப் பக்கம் ஒரு கிணறு. மகளைப் பறிகொடுத்த தகப்பன் நின்றார். எங்கள் சிலிண்டர்கள் காற்றடைக்கப் போயிருந்தன. வாடகைக்கு எடுத்து வர வண்டி தயாராக நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தே, "இன்னைக்கு முடியாதுய்யா. நாளைக்குக் காலைல எடுத்துத் தாரேன்" என்றேன். அவர் மண்ணை வாரி என் மேல் தூற்றினார். "நீ வெளங்குவியாலே?" என்றார். தலைகுனிந்து நின்றேன். மறுநாள் காலையில் எங்கள் காற்றோடு இறங்கி, அந்தப் பெண்ணை எடுத்துக் கொடுத்தேன்.

தண்ணீருக்குள் அண்ணாச்சி போட்டுக்கொள்ளும் முகக் கண்ணாடியை அவர் மனைவி, எங்கள் மதினி, எனக்குத் தந்திருக்கிறார்கள். அது என் முகத்துக்குப் பொருந்தவில்லை. அன்று அந்த அம்மாவிடம் அவர் சொல்லாமல் போன 'நாளைக்கு' என்ற சொல்லைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.