என் இசைக்கு வேறொருவர் பெயர்

துபாயின் கராமா பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில்தான் நான் இசை எழுதுவேன். மாலையில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பது என் வேலை. காலையில் கணவர் ஆபீஸ் கிளம்பிய பிறகு கிடைக்கும் நாலு மணி நேரம் எனக்கு மட்டுமானது. சென்னையில் மேற்கத்திய இசை படித்தவள் நான். கல்யாணமாகி துபாய் வந்த பிறகு வயலின், வியோலா, செல்லோ என்று தந்தி வாத்தியங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பல வருடங்கள் அவற்றை யாரும் வாசிக்கவில்லை.

வாசிக்க ஆள் காட்டியவர் என் கணவருடைய மேனேஜர். வார இறுதிகளில் அவர் ஒரு சின்ன இசைக்குழுவை நடத்திவந்தார். நர்ஸ், டீச்சர், பேங்க் ஊழியர் என்று பதினான்கு பேர். சனிக்கிழமை காலைகளில் அல் குசைஸில் ஒரு பள்ளி ஹாலில் ரிகர்சல். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், மேஜையில் கிடந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். தன் குழுவுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார். என்னை முதன்முதலாக கம்போஸர் என்று கூப்பிட்டதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் பாதி எழுதி முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

மீதியை எழுத இரண்டு வருடம் ஆனது. எங்கள் கட்டடத்தின் பின்பக்க ஏசி கம்ப்ரஸர் நாள் முழுக்க ஒரே ஸ்வரத்தில் முனகும். அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், அந்த ஸ்வரத்தையே செல்லோவுக்குக் கொடுத்து, அதன்மேல் மற்ற எல்லாவற்றையும் கட்டினேன். இதை மேனேஜரிடம் சொன்னபோது அவர் சிரித்து ரசித்தார். வாசிப்பவர்கள் ஒவ்வொருவருக்குமான தாள்களை என் கையாலேயே எழுதினேன். ஒவ்வொரு ரிகர்சலிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தப்பு வரும் இடங்களைக் குறித்துக்கொள்வேன்.

கச்சேரியன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கொடுத்த நிகழ்ச்சித் தாளை நான் பிரிப்பதற்குள், கணவர் அதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் பார்க்கலாம் என்றார். பக்கத்துச் சீட்டுப் பெண்மணியிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். இசையமைப்பு என்ற இடத்தில் மேனேஜரின் பெயர் இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் பட்டியலில், ஹாலுக்கு நாற்காலி கொடுத்தவருக்கும் டீ கொடுத்தவருக்கும் நடுவில் என் பெயர்.

அச்சுப் பிழை என்று ஒரு நிமிடம் நம்பினேன். அதற்குள் மேனேஜர் மைக் பிடித்தார். தன் வீட்டு ஏசி கம்ப்ரஸரின் முனகலிலிருந்து இந்த இசை பிறந்த கதையைச் சொன்னார். சபை சிரித்தது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் நன்றாக வாசித்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. நான் மனதில் கேட்டதெல்லாம் அப்படியே காதில் விழுந்தது. ஆனால் கைதட்டலுக்குத் தலைகுனிந்தவர் வேறு ஒருவர்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“போன வாரமே சொன்னார்,” என்றார் கணவர். “ஸ்பான்சருங்க தெரிஞ்ச பேரா கேக்கறாங்களாம். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்.”

“அதனால நீங்க ஒத்துக்கிட்டீங்களா?”

“அடுத்த மாசம் என் விசா ரென்யூவல். அவர் கையெழுத்துப் போடணும். நான் என்ன செய்யட்டும், சொல்லு?”

அவர் பயந்தது எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போனால் விசா போகும், விசா போனால் இந்த வீடும் போகும். என்னிடம் சொல்லியிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் எந்தப் புடவை கட்டுவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ரிகர்சலுக்குப் போனேன். மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, தாளில் கிடந்த கோடுகளுக்கு உயிர் கொடுத்தது தான்தானே என்றார். நாமெல்லாம் ஒரே குடும்பம், இதில் உன் பேர் என் பேர் என்று ஏன் பார்க்கவேண்டும் என்றார். நான் உள்ளே போய், நான் எழுதிய தாள்களைத் திருப்பித் தரும்படி எல்லோரிடமும் கேட்டேன். வியோலா வாசிக்கும் ஃபிலிப்பினோ நர்ஸ்தான் முதலில் எழுந்து வந்து, தன் தாள்களைச் சீராக அடுக்கி என் கையில் கொடுத்தாள். இரண்டாவது வயலின்காரர் ஒருவர் கொடுத்தார். மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நகல் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றார் மேனேஜர்.

அவர்கள் அதை இன்னும் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கணவருக்கு விசா புதுப்பிக்கப்பட்டது. அவர் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார், காய்கறி நறுக்கிக்கொண்டே. சரி என்றேன். அதற்குப் பிறகு நான் எழுதுவது எதையும் அவருக்கு வாசித்துக் காட்டுவதில்லை. அவர் வரும் நேரத்துக்கு மேஜையைத் துடைத்து வைத்துவிடுவேன்.

அந்த நர்ஸ் தோஹாவில் ஒரு மருத்துவமனைக்கு வேலை மாறிப் போனாள். போன வருடம் போன் செய்து, நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம், எங்களுக்கு எழுதுவாயா என்று கேட்டாள். எழுதினேன். கணவர் தானும் லீவு போட்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகத்தான் விமானம் ஏறினேன்.

ஒரு பள்ளியின் சங்கீத அறையில், சுமார் நாற்பது பேருக்கு முன்னால் வாசித்தார்கள். முடிந்ததும் நர்ஸ் என்னைக் கைபிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். சிலர் எழுந்து நின்றார்கள். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது கணவர் போனில் அழைத்தார். எப்படிப் போச்சு என்று கேட்டார். நல்லா வாசிச்சாங்க என்றேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.