சைக்கிளைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

பையன் பெங்களூர் வேலைக்குப் போகும்போது தன் மலை சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். முன்சக்கரத்துக்குக் காற்றடைத்த ஷாக் அப்சார்பர். இன்று ஆசையாக எடுத்து ஓட்டினேன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே முழுதாக அமுங்கி ‘டக்’கென்று இடித்தது.

பையனுக்குப் போன் செய்தேன்.

“அது என் வெயிட்டுக்கு அடிச்ச காத்துப்பா. அப்படியே ஓட்டினா விழுந்துடுவீங்க. நீங்க உக்காந்தா ஷாக் கால்வாசிதான் எறங்கணும். யாரையாச்சும் சைக்கிளைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு உக்காந்து பாருங்க.”

“யாரைடா?”

“பக்கத்து வீட்டு அங்கிள்?”

அந்த அங்கிள் கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிப் போய் ஒரு வருஷமாகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சுவர் நின்றது, நான் விழுந்தேன்.

தெருவில் வந்த மீன்கார அக்கா பார்த்துவிட்டார். “இன்னா சார், இந்த வயசுலதான் சைக்கிள் கத்துக்கினு கீறியா?”

விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கிவைத்து ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார். உட்கார்ந்தேன்.

“பாதிக்கு மேல எறங்கிச்சு சார். காத்தை ஏத்தப்போறியா, சோத்தைக் கொறைக்கப்போறியா?”

பையனின் குட்டிப் பம்பால் காற்றை ஏற்றி ஏற்றிப் பார்த்ததில் கால்வாசியில் நின்றது. அக்கா கிளம்பிவிடுவாரே என்று இன்னொரு முறையும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஷாக் அப்சார்பர் இப்போது பிரமாதம். ஃபிரிட்ஜில் ஒரு கிலோ சங்கரா மீன் இருக்கிறது. எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது. இரும்புலியூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் வாருங்கள். தெரியாதவர்களும் வரலாம், சைக்கிளைப் பிடித்துக்கொள்ளலாம்.